சுற்றிப் போனால் சீக்கிரம்

டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போகும் விமானம். 2018-ஆம் ஆண்டு. என் பக்கத்து இருக்கையில் கும்பகோணத்து அம்மா ஒருவர். கலிபோர்னியாவில் இருக்கும் மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போகிறார். பெட்டி நிறையப் பிரசவ லேகியமும் பழைய பருத்திப் புடவைகளும் கொண்டுபோவதாகச் சொன்னார். பின்னிரவில் கிளம்பிய விமானத்தில் மற்றவர்கள் படம் பார்த்தார்கள், தூங்கினார்கள். அவர் மட்டும் முன்னிருக்கையின் முதுகிலிருந்த திரையில் ஓடிய வரைபடத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. வங்கதேசம் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

“ஏன் தம்பி, அமெரிக்கா மேற்கதானே இருக்கு? இது கல்கத்தாவையும் தாண்டிக் கிழக்க போவுதே?”

“இந்த வழியா ஜப்பானுக்கு மேல போய் அமெரிக்கா போறோம்மா.”

“எம் மாப்பிள்ளை கம்ப்யூட்டர்ல பாத்துட்டுப் பன்னண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்னு சொன்னாரு. இப்படிச் சுத்திப் போனா அதிகமாகாதா?”

“ஆகும்மா. பதினஞ்சாயிரம் ஆகும். ஆனா இப்படிப் போனாத்தான் சீக்கிரம் போய்ச் சேருவோம். காத்து நம்மளைத் தள்ளிட்டுப் போவுது.”

அவர் அதை ஏற்றுக்கொண்டார். ஆனால் அந்தக் கேள்விக்கு அந்த ஒரு வரி போதாது என்று எனக்கு அன்றே தோன்றியது. மூவாயிரம் கிலோமீட்டர் கூடுதலாகப் பறந்தால் நேரம் குறையும் என்பது எந்த வண்டிக்காரரும் ஒப்புக்கொள்ளாத கணக்கு. நாம் தூரத்தை நேரத்தால் சொல்லிப் பழகியவர்கள். கூப்பிடு தூரம், அரை நாள் நடை, ஒரு மணி நேர பஸ். தூரம் கூடினால் நேரமும் கூடும் என்பதில் நமக்குச் சந்தேகமே கிடையாது. தரையில் அது சரிதான், ஏனென்றால் தரையில் பாதை அசையாமல் கிடக்கிறது.

முதலில் அந்தப் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம்.

அமெரிக்கா மேற்கே இருக்கிறது என்ற எண்ணத்தை நமக்குத் தந்தது வகுப்பறைச் சுவரில் தொங்கிய வரைபடம். உருண்டையைத் தட்டையான தாளில் விரிக்க வேண்டுமென்றால் எங்கேயாவது வெட்டியாக வேண்டும். நம் வரைபடங்களைப் பசிபிக் பெருங்கடலில் வெட்டியிருக்கிறார்கள். அதனால் ஜப்பான் வலது கோடியிலும் கலிபோர்னியா இடது கோடியிலும் போய் நிற்கின்றன. இரண்டும் ஒரே கடலின் இரண்டு கரைகள் என்பது கண்ணுக்கு மறைந்துபோகிறது. தீர்க்கரேகையைக் கணக்கிட்டால், டெல்லியிலிருந்து கிழக்கே போனால் சான் பிரான்சிஸ்கோவுக்கு ஏறக்குறைய 160 டிகிரி, மேற்கே போனால் 200 டிகிரி. ஆக, கலிபோர்னியா நமக்குக் கிழக்கேதான் சற்றுப் பக்கம்.

ஆனால் உண்மையான குறுக்குவழி கிழக்குமல்ல, மேற்குமல்ல. வடக்கு.

வீட்டில் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்து டெல்லியில் ஒரு முனையையும் சான் பிரான்சிஸ்கோவில் மறுமுனையையும் வைத்து இழுத்துப் பிடியுங்கள். நூல் தானாகவே வழுக்கி மேலே ஏறும். லடாக் பக்கம் இமயத்தைத் தாண்டி, சீனாவின் மேற்கோரம், சைபீரியா, ஆர்க்டிக் பெருங்கடல், அலாஸ்கா என்று வளைந்து, பிறகு கலிபோர்னியாவுக்கு இறங்கும். ஒரு ஆரஞ்சுப் பழத்தைச் சரிபாதியாக, மையத்தின் வழியே வெட்டினால் தோலில் விழும் வட்டமே அந்தப் பழத்தில் வரையக்கூடிய மிகப் பெரிய வட்டம். அதற்குப் பெருவட்டம் என்று பெயர். உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான மிகக் குறைந்த தூரம் அந்தப் பெருவட்டத்தின் ஒரு துண்டுதான். பூமியின் பெருவட்டம் ஏறக்குறைய 40,000 கி.மீ.; அதில் ஒரு டிகிரிக்கு 111 கி.மீ. டெல்லிக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் நடுவே உள்ள கோணம் 111 டிகிரிக்குச் சற்று மேல். பெருக்கினால் சுமார் 12,400 கி.மீ. மாப்பிள்ளை கம்ப்யூட்டரில் பார்த்தது இதைத்தான். இதே முறையில் சென்னைக்கும் லண்டனுக்கும் சுமார் 8,200 கி.மீ.

சுவர் வரைபடத்தில் இந்த வழி பெரிய வில் போலத் தெரியும். யாரோ வேண்டுமென்றே சுற்றிப் போவதாகத் தோன்றும். குற்றம் வரைபடத்துடையது. 1569-இல் மெர்கேட்டர் வரைந்த முறை, திசைகாட்டியை வைத்துக்கொண்டு கப்பலோட்டுகிறவருக்காக உருவானது. ஒரே திசையில் போகும் பாதையை அது நேர்க்கோடாகக் காட்டும். அதற்கு விலையாகத் துருவங்களை நோக்கிப் போகப் போக எல்லாவற்றையும் அகலப்படுத்திவிடும். குறுகிய தூரம் நீளமாகவும் நேர்வழி கோணலாகவும் தெரிவது அதனால்தான்.

இப்படியொரு பெருவட்டத்தை ஒட்டி விமானம் போனதே இல்லையா என்றால், போயிருக்கிறது. 2021 ஜனவரி 9 சனிக்கிழமை இரவு சான் பிரான்சிஸ்கோவில் புறப்பட்ட ஏர் இந்தியா விமானம் வட துருவத்தின் மேலாகப் பறந்து பெங்களூருவில் இறங்கியது. இரண்டு ஊர்களுக்கும் இடையே பெருவட்ட தூரம் 14,000 கி.மீ.க்குச் சற்றே குறைவு; பறந்த நேரம் 17 மணிக்கு மேல். கேப்டன் சோயா அகர்வால் தலைமையில் விமானி அறையில் இருந்த நால்வருமே பெண்கள். அந்தச் செய்தியைப் படித்த நாளில் எனக்குக் கும்பகோணத்து அம்மாவின் நினைவுதான் வந்தது. உலக உருண்டையில் நூலை இழுத்துப் பார்த்திருந்தால் அவர் அந்த வழியை உடனே ஒப்புக்கொண்டிருப்பார்.

அப்படியானால் டெல்லியிலிருந்து போகும் விமானமும் நேரே வடக்கே ஏறிப் போய்விடலாமே? நடுவில் திபெத் இருக்கிறது. மலை உயரமாக இருப்பதால் மோதிவிடும் என்ற பயமில்லை. விமானம் பறப்பது பத்துப் பதினொரு கிலோமீட்டர் உயரத்தில். பிரச்சினை மூச்சு. விமானத்துக்குள் காற்றழுத்தம் திடீரென்று குறைந்தால் தலைக்கு மேலிருந்து முகமூடிகள் விழும் என்று ஒவ்வொரு பயணத்திலும் சொல்கிறார்களே, அந்த முகமூடியில் வரும் பிராணவாயு பல விமானங்களில் கால் மணி நேரமளவே தாங்கும். அதற்குள் விமானி 3,000 மீட்டர் உயரத்துக்கு, அதாவது சாதாரணமாக மூச்சு விடக்கூடிய காற்றுக்கு, இறங்கிவிட வேண்டும். திபெத் பீடபூமியின் சராசரி உயரமே 4,500 மீட்டருக்கு மேல். இறங்க இடமில்லை. ஆகவே அதை விளிம்போடு விலகிப் போகிறார்கள்.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. இரண்டு எஞ்சின் விமானத்தில் ஒன்று நின்றுபோனால், மற்றொன்றைக் கொண்டு குறிப்பிட்ட நேரத்துக்குள் ஏதாவது ஒரு விமான நிலையத்தை அடையும்படி பாதை இருக்க வேண்டும். ஒரு காலத்தில் அந்த வரம்பு 60 நிமிடம். 1985-இல் 120 நிமிடமானது, பிறகு 180-ஐயும் தாண்டியது. எஞ்சின்களின் மேல் வளர்ந்த நம்பிக்கையின் அளவு அது. ஆனாலும் பெருங்கடலையும் பனிப்பாலையையும் கடக்கும் எந்தப் பாதையும் வழியில் இறங்கக்கூடிய ஊர்களைக் கோத்துத்தான் போடப்படுகிறது. 2023 ஜூன் மாதம் டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போன விமானம் ஒன்று எஞ்சின் கோளாறால் ரஷ்யாவின் தூரக் கிழக்கிலுள்ள மகதான் என்ற ஊரில் இறங்கியது. 216 பயணிகளும் பத்திரமாக இறங்கினார்கள். அவர்களில் எத்தனை பேர் அதற்கு முன் அந்த ஊரின் பெயரைக் கேட்டிருப்பார்கள்? பாதை போட்டவர் கேட்டிருந்தார்.

இனி காற்றுக்கு வருகிறேன்.

ஏர் இந்தியா 2015 டிசம்பரில் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ நேரடி விமானத்தைத் தொடங்கியபோது மேற்கு நோக்கி, அட்லாண்டிக் வழியாகத்தான் போனார்கள். சுமார் 13,900 கி.மீ. 2016 அக்டோபரில் திசையை மாற்றிக் கிழக்கே பசிபிக் வழியாகப் போனார்கள். தூரம் 15,300 கி.மீ. ஆனது, 1,400 கி.மீ. கூடுதல். நேரமோ பதினாலரை மணியாகக் குறைந்தது. பழைய வழியைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் மிச்சம். மேற்கே போனால் சராசரியாக மணிக்கு 24 கி.மீ. எதிர்க்காற்று, கிழக்கே போனால் 138 கி.மீ. பின்காற்று என்று நிறுவனத்தார் அப்போது கணக்குச் சொன்னார்கள். 15,300-ஐப் பதினாலரையால் வகுத்துப் பாருங்கள்: மணிக்கு 1,055 கி.மீ. வருகிறது. அந்த போயிங் 777 காற்றுக்குள் பறக்கும் வேகம் 890 கி.மீ. அளவில்தான். மீதி வேகத்துக்கு எரிபொருள் செலவில்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒன்பதாயிரம் லிட்டருக்கும் மேல் குடிக்கும் எஞ்சின்களுக்கு இரண்டு மணி நேரம் மிச்சமாவது எவ்வளவு பெரிய காரியம் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பின்காற்றுக்கு ஜெட் காற்றோட்டம் என்று பெயர். நிலநடுக்கோட்டுப் பக்கம் காற்று வெப்பமாகவும் துருவத்துப் பக்கம் குளிராகவும் இருக்கிறது. இந்த வெப்ப வேறுபாட்டால் மேலே அழுத்த வேறுபாடு உண்டாகிறது. காற்று தெற்கிலிருந்து வடக்கே நேராகப் பாயப் பார்க்கிறது. பூமியின் சுழற்சி அதை வலப்பக்கம் திருப்பிவிடுகிறது. விளைவாக, ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காகப் பூமியைச் சுற்றிக் காற்றாறு ஓடுகிறது. அகலம் சில நூறு கிலோமீட்டர், ஆழம் சில கிலோமீட்டர். ஆற்றைப் போலவே வளைந்து நெளியும், இரண்டாகப் பிரியும், இடம் மாறும். குளிர்காலத்தில் துருவம் மேலும் குளிர்ந்துபோவதால் வேகம் பிடிக்கும். உலகிலேயே அது மிக வலுவாக ஓடும் இடங்களில் ஒன்று ஜப்பானுக்கு மேலே. குளிர்காலத்தில் அங்கே மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டுவது சாதாரணம். டெல்லி விமானம் ஜப்பானைத் தேடிப் போவதற்கு இதுதான் காரணம்.

இதைக் கண்டுபிடித்தவரின் கதையைச் சொல்லாமல் நகர எனக்கு மனமில்லை. வாசாபுரோ ஓய்ஷி என்ற ஜப்பானிய வானிலையாளர், தாதேனோ என்ற ஊரில் இருந்த மேல்வளி ஆய்வகத்தின் தலைவர். 1923 முதல் 1925 வரை ஏறக்குறைய 1,300 முறை பலூன்களைப் பறக்கவிட்டு, தொலைநோக்கியால் பின்தொடர்ந்து, மேலே காற்று எப்படி வீசுகிறது என்று அளந்தார். குளிர்காலத்தில் ஒன்பது கிலோமீட்டர் உயரத்தில் மணிக்கு 250 கி.மீ.க்கும் மேலான காற்றைக் கண்டார். அப்படியொரு காற்று இருக்கும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. உலகம் முழுதும் படிக்க வேண்டும் என்ற ஆசையில், 1926-இல் தன் அறிக்கையை எஸ்பரான்டோ மொழியில் வெளியிட்டார். எல்லா நாட்டாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று உருவாக்கப்பட்ட செயற்கை மொழி அது. வெளிநாட்டு வானிலை நிலையங்களுக்கு அனுப்பியும் வைத்தார். கண்டுகொள்வார் இல்லை. எல்லோருக்குமான மொழியில் எழுதப்பட்ட உண்மை யாரையும் போய்ச் சேரவில்லை.

போர்தான் சேர்த்தது. 1944 நவம்பரில் டோக்கியோவின் மேல் குண்டு வீச வந்த அமெரிக்க பி-29 விமானங்கள் பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் அந்தக் காற்றில் மாட்டிக்கொண்டன. காற்றோடு பறந்தால் குறி பார்க்க முடியாத வேகம். எதிர்த்துப் பறந்தால் நகரவே முடியவில்லை. அதே மாதம் ஜப்பானிய ராணுவம் அதே காற்றைத் தன் ஆயுதமாக்கியது. காகிதத்தால் செய்த, ஹைட்ரஜன் நிரப்பிய பலூன்களில் குண்டுகளைக் கட்டிச் சுமார் 9,000 பலூன்களைப் பறக்கவிட்டார்கள். ஓட்டுநர் இல்லை, எஞ்சின் இல்லை; மூன்று நாள் அளவில் பசிபிக்கைக் கடந்து அவற்றில் ஒரு பகுதி அமெரிக்கக் கரையை அடைந்தது. பெரும்பாலானவை யாருக்கும் தீங்கின்றி அழிந்தன. ஆனால் 1945 மே 5 அன்று ஓரிகன் மாநிலக் காட்டுக்குள் உல்லாசமாகப் போன ஒரு கர்ப்பிணிப் பெண்ணும் ஐந்து குழந்தைகளும், கீழே கிடந்த பலூன் குண்டு வெடித்து இறந்துபோனார்கள். பேறுகாலத்துக்குத் துணைபோகும் ஒரு தாயைச் சுமந்துகொண்டு நாங்கள் பறந்தது அந்தப் பலூன்கள் போன அதே காற்றில்தான்.

அமைதிக் காலத்தில் அந்தக் காற்றை முதலில் வேலை வாங்கியவர்களில் பான் ஆம் நிறுவனம் முக்கியமானது. 1952 நவம்பரில் டோக்கியோவிலிருந்து ஹொனலூலு போன அதன் விமானம் ஒன்று வேண்டுமென்றே உயரே ஏறி இந்தக் காற்றோட்டத்துக்குள் புகுந்தது. வழக்கமாக 18 மணி நேரம் பிடிக்கும் பயணம் பதினொன்றரை மணியில் முடிந்தது. அதன் பிறகு விமானப் பாதை போடுகிறவர்கள் நிலப்படத்தோடு காற்றுப்படத்தையும் விரித்து வைத்துக்கொண்டார்கள். இன்றும் லண்டனிலும் வாஷிங்டனிலும் உள்ள இரண்டு முன்னறிவிப்பு மையங்கள் உலகம் முழுவதற்குமான மேல்வளிக் கணிப்பை நாளுக்கு நான்கு முறை வெளியிடுகின்றன. அதைப் பார்த்தே அன்றன்றைய பாதை முடிவாகிறது. செவ்வாய்க்கிழமை விமானம் போன வழியில் புதன்கிழமை விமானம் போகும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை விலக்க வேண்டும். பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால்தான் விமான நேரம் மாறுகிறது என்று படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். டெல்லி இருக்கும் அட்சரேகையில் தரை மணிக்கு 1,460 கி.மீ. வேகத்தில் சுழல்கிறது; அப்படியானால் மேலே போய் அந்தரத்தில் நின்றாலே அமெரிக்கா கீழே வந்து சேர்ந்துவிடாதா? வராது. ஓடும் ரயிலுக்குள் பறக்கும் ஈ பின்சுவரில் போய் மோதுவதில்லை. பெட்டிக்குள் இருக்கும் காற்றும் ஈயும் ரயிலோடு சேர்ந்தே ஓடுகின்றன. பூமியோடு அதன் காற்று மண்டலமும் சுழல்கிறது. விமானம் ஓடுபாதையில் நிற்கும்போதே அந்த வேகம் அதனிடம் இருக்கிறது. சுழற்சி விமானத்தை நேரடியாகத் தள்ளுவதில்லை. காற்றைத் திருப்பிவிடுகிறது, அந்தக் காற்று விமானத்தைத் தள்ளுகிறது.

போகும்போது கிடைக்கும் லாபமும் திரும்பும்போது வரும் நஷ்டமும் சரிக்குச் சரியாகிவிடும் என்று நினைப்பதும் சரியல்ல. 9,000 கி.மீ. தூரம், 900 கி.மீ. வேகம் என்று வையுங்கள். காற்றில்லாத நாளில் போக 10, வர 10, மொத்தம் 20 மணி. மணிக்கு 100 கி.மீ. காற்று வீசினால், போகும்போது வேகம் 1,000. 9 மணி நேரம். வரும்போது 800, பதினொன்றேகால் மணி. மொத்தம் இருபதேகால். உதவும் காற்றில் ஒன்பது மணி நேரமும் எதிர்க்கும் காற்றில் பதினொன்றேகால் மணி நேரமும் இருக்கிறோம். நஷ்டத்தில் கழியும் நேரம் அதிகம் என்பதால் நஷ்டமே மிஞ்சுகிறது. ஒகேனக்கல்லில் ஆற்றோடு வரும் பரிசலைத் திரும்பிப் போகும்போது தலையில் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு கரையோடு நடப்பார்கள். எதிர்த்துத் துடுப்புப் போடுவதைவிட அது மேல். விமானமும் அதைத்தான் செய்கிறது. போகும்போது ஆற்றோடு, வரும்போது ஆற்றை விட்டு விலகி வேறு வழி. பெங்களூரு விமானம் துருவத்தின் மேலாக வந்ததில் குறுக்குவழி என்ற லாபத்தோடு இந்த லாபமும் இருந்தது.

காற்று எவ்வளவு தள்ளும் என்பதற்கு அட்லாண்டிக்கிலிருந்து ஒரு சான்று. நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு வழக்கமாக ஆறரை, ஏழு மணி நேரம். 2020 பிப்ரவரியில் சியாரா என்ற புயல் வந்தபோது ஒரு போயிங் 747 அந்தத் தூரத்தை 4 மணி 56 நிமிடத்தில் கடந்தது. ஒரு கட்டத்தில் தரையை வைத்துப் பார்த்தால் அதன் வேகம் மணிக்கு 1,327 கி.மீ. அந்த உயரத்தில் ஒலியின் வேகமே ஏறக்குறைய 1,060 கி.மீ. தான். ஆனால் விமானம் ஒலியை முந்தவில்லை. தன்னைச் சூழ்ந்த காற்றுக்குள் அது எப்போதும் போகும் வேகத்திலேயே போனது. அந்தக் காற்றே ஓடிக்கொண்டிருந்தது.

பூமியின் வடிவமும் காற்றும் இயற்கை போட்ட கணக்கு. அதன் மேல் மனிதர்கள் போட்ட கோடுகள் இருக்கின்றன. சோவியத் ஒன்றியம் தன் வான்வெளியை மூடி வைத்திருந்த காலத்தில் ஐரோப்பாவிலிருந்து ஜப்பான் போகும் விமானங்கள் அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போயின. 1983-இல் ஃபின்ஏர் நிறுவனம் ஹெல்சின்கியிலிருந்து துருவத்தைச் சுற்றி நிற்காமல் டோக்கியோவுக்கே பறந்தது. பிறகு ரஷ்ய வான்வெளி திறந்தது. ஹெல்சின்கி–டோக்கியோ ஒன்பது மணிச் சொச்சமாகக் குறைந்தது. 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியதும் ஐரோப்பிய நிறுவனங்களுக்கு அந்த வான்வெளி மறுபடி மூடப்பட்டது. அதே நிறுவனம் மறுபடி துருவ வழிக்குத் திரும்பியது. பயணம் பதின்மூன்று மணி நேரம். இரண்டு ஊர்களும் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. நமக்கும் இது தெரியாததல்ல. 2019 பிப்ரவரியிலிருந்து ஜூலை வரையிலும், மறுபடி 2025 ஏப்ரலிலிருந்தும் பாகிஸ்தான் வான்வெளி மூடப்பட்டபோது, டெல்லியிலிருந்து மேற்கே போகும் விமானங்கள் அரபிக்கடல் பக்கம் இறங்கிச் சுற்றின. வட அமெரிக்க விமானங்கள் சில வியன்னாவில் இறங்கி எரிபொருள் நிரப்பின. வயதானவர்களும் கைக்குழந்தைகளும் கூடுதலாக உட்கார்ந்திருந்த அந்த மணி நேரங்களை எந்தப் போர்க் கணக்கிலும் யாரும் எழுதுவதில்லை.

டிக்கெட்டில் அச்சாகும் பயண நேரம் இன்னொரு வகை. அது பறக்கும் நேரமல்ல. சக்கரத்துக்குக் கொடுத்திருக்கும் முட்டுக்கட்டையை எடுப்பதிலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி முட்டுக்கட்டை கொடுப்பது வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்குமுன் வட்டமடிப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். சென்னையிலிருந்து பெங்களூருவுக்கு வானில் சுமார் 270 கி.மீ. தான், இருபது நிமிடத்தில் போய்விடலாமே என்று தோன்றும். அச்சிட்ட நேரமோ ஒரு மணி அளவு. ஏறி முடிப்பதற்குள் இறங்கத் தொடங்கிவிடுகிறது. முழு வேகத்தை எட்ட அதற்கு இடமே இல்லை. தொலைதூர விமானங்களுக்குக் குளிர்காலத்துக்கு ஒரு நேரமும் கோடைக்கு ஒரு நேரமும் அச்சிடுவார்கள். காற்றோட்டம் அச்சடித்தபடி நடக்காது என்பதால் சில நிமிடங்கள் கூட்டியே போடுவதும் உண்டு.

இணையத்தில் இரண்டு ஊர்ப் பெயர்களைப் போட்டால் தூரமும் நேரமும் சொல்லும் கணக்கிகள் இதில் எதையும் பார்ப்பதில்லை. பெருவட்ட தூரத்தை ஒரு சராசரி வேகத்தால் வகுத்து, ஏற இறங்க அரை மணி கூட்டிவிடுகின்றன. டெல்லி–சான் பிரான்சிஸ்கோவுக்கு 12,400-ஐ 850-ஆல் வகுத்து அரை மணி கூட்டினால் 15 மணி நேரம் வரும். பசிபிக் வழியில் நடப்பதும் ஏறக்குறைய அதுவே! ஆனால் கணக்கில் இருந்த தூரம் யாரும் பறக்காத தூரம். வேகமும் அந்த விமானம் போகாத வேகம். இரண்டு பிழைகள் ஒன்றையொன்று ஈடுகட்டி விடையைப் பொருத்திவிட்டன. கணக்கி சொல்லும் நேரம் இங்கே பெரிதும் தவறாததற்குக் காரணம் அதுதான்.

இந்தக் கணக்கு இப்படியே நிற்கப்போவதுமில்லை. வளிமண்டலத்தில் கரியமில வாயு இரட்டிப்பானால் அட்லாண்டிக் விமானங்களுக்கு என்ன ஆகும் என்று ரெடிங் பல்கலைக்கழகத்தின் பால் வில்லியம்ஸ் 2016-இல் கணக்கிட்டு வெளியிட்டார். மேலே ஓடும் காற்றோட்டம் வலுப்பதால் கிழக்கே போவது இன்னும் விரைவாகும், மேற்கே வருவது இன்னும் தாமதமாகும். நாம் மேலே போட்ட இருபதேகால் மணிக் கணக்கின்படி நஷ்டமே மிஞ்சும். அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானங்கள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 2,000 மணி நேரம் கூடுதலாகப் பறக்க வேண்டியிருக்கும் என்பது அவர் முடிவு. அதற்கான எரிபொருளும் கரியமில வாயுவாகத்தானே வெளியேறும்?

பசிபிக்கின் நடுவே சர்வதேசத் தேதிக்கோட்டைத் தாண்டியதை நான்தான் அந்த அம்மாவிடம் சொன்னேன். அதைக் கிழக்கு நோக்கிக் கடந்தால் தேதி ஒரு நாள் பின்னே போகும். டெல்லியில் செவ்வாய்க்கிழமை ஏறியவர், பறந்துகொண்டிருந்தபோதே செவ்வாயிலிருந்து திங்களுக்குப் பின்னே போய், இறங்குவதற்குள் மறுபடி செவ்வாய்க்கு வந்துவிடுவார். “செவ்வாக்கெழமை பயணம் வேண்டாம்னாங்க வீட்டுல. இப்ப ரெண்டு செவ்வாயா?” என்று சிரித்தார். பெங்களூரு விமானத்தில் வந்தவர்களுக்கு நேர்மாறு நடந்தது. சனி இரவு ஏறியவர்கள் திங்கள் விடியலில் இறங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆகாயத்திலேயே போய்விட்டது. உடம்புக்கு இந்தக் கோடெல்லாம் தெரியாது. இந்தியாவுக்கும் கலிபோர்னியாவுக்கும் கோடையில் பன்னிரண்டரை, குளிர்காலத்தில் பதின்மூன்றரை மணி நேர வித்தியாசம். இரவு பகலாக மாறியதை உடம்பு ஒப்புக்கொள்ள ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். வயதானவர்களை அனுப்புகிற பிள்ளைகள் அந்த வாரத்தில் அவர்களை அடுப்படியில் நிற்கவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இறங்குவதற்குச் சில மணி நேரம் முன்பு திரையில் வேகம் 1,080 என்று காட்டியது. அந்த அம்மா விரலால் தொட்டுக் காட்டி, “இதுல காத்து எவ்வளவு தம்பி?” என்று கேட்டார். ஏறக்குறைய 190 என்று சொன்னேன். தூக்கத்தைவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அடுத்த முறை நீண்ட விமானப் பயணம் வாய்த்தால் நீங்களும் அந்தத் திரையைக் கொஞ்ச நேரம் திறந்து வையுங்கள். தரை வேகம் என்று ஓர் எண் ஓடும். பெரிய விமானமாக இருந்தால் அதிலிருந்து 890-ஐக் கழியுங்கள். மிஞ்சுவது எஞ்சினுடையதல்ல, ஓய்ஷி பலூன் விட்டு அளந்த காற்று. விடை எதிர்க்குறியில் வந்தால், இறங்கும் இடத்தில் காத்திருப்பவர்களிடம் சற்றுத் தாமதமாகும் என்று கிளம்பும்போதே சொல்லி வைப்பது நல்லது.